ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. தொண்டியிலிருந்து வாரம் ஓரிரு முறை ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் போய் வருகிறீர்கள். பெட்ரோல் கார், வீட்டில் அப்பா காலத்துக் கார்புரேட்டர் பைக்கும் இருக்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகுதான் பங்க்குக்குப் போய் 300 ரூபாய்க்குப் போடுவது உங்கள் பழக்கம். பாதி டேங்குக்குக் கீழே இறங்கினாலே பம்ப் எரிந்துவிடும் என்கிறார் உங்கள் மாமனார். விளக்கு எரிந்தாலும் 50 கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். வண்டிக்குக் கெடுதலா என்பது ஒரு கேள்வி. நடுவழியில் நிற்பேனா என்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் மாமனார் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறார். இரண்டாவதில் உங்கள் நண்பர்கள் நம் கடற்கரைச் சாலையைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பம்ப்பிலிருந்து தொடங்குவோம். இன்றைய பெட்ரோல் கார்களில் மின்சாரப் பம்ப் டேங்குக்கு உள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களிலும் இதே ஏற்பாடுதான். ஓடும்போது அந்த மோட்டார் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிப்பதும், உள்ளே சுழலும் பாகங்கள் தேயாமல் வழுக்கிக் கொடுப்பதும் பெட்ரோல்தான். ஆகவே டேங்க் அடிமட்டத்தில் இருக்கும்போது பம்ப் கூடுதல் சூட்டில் ஓடுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாதி டேங்க்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பல கார்களில் பம்ப் ஒரு சிறு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். மற்ற இடம் வற்றினாலும் அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். கால் டேங்க் வரைக்கும் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே நான் சொல்வேன். கெடுதல் தொடங்குவது விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருக்கும்போது; அதைவிட மோசம், முற்றிலும் வற்றி நின்ற பிறகு “இன்னும் ஒரு தடவை” என்று சாவியைத் திருகிக்கொண்டே இருப்பது. அப்போது பம்ப் வெறும் காற்றில் சுற்றுகிறது. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திக்கித் திக்கி ஓடினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தப் பாகத்தின் விலை பம்ப்பைவிடப் பல மடங்கு.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத இடமும் இருக்கிறது. செத்துப்போன பம்ப் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்து, இது ரிசர்விலேயே ஓட்டியதால் போனது என்று எந்த மெக்கானிக்கும் சத்தியம் செய்ய முடியாது. அடைத்துப்போன வடிகட்டி வலை, தண்ணீர் கலந்த பெட்ரோல், துருப்பிடித்த மின் இணைப்பு, வெறும் வயசு என எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி தடத்தைத்தான் விட்டுச் செல்கின்றன. வருடக்கணக்கில் ரிசர்விலேயே ஓட்டி ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. ஒருமுறை வற்றவிட்டதற்கே பம்ப் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

“அடியில் இருக்கும் கசடை இழுத்துவிடும்” என்பது அடுத்து எல்லோரும் சொல்வது. காரைப் பொறுத்தவரை இது பாதி உண்மைகூட இல்லை. பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, டேங்க் நிறைந்திருந்தாலும் சரி, காலியாக இருந்தாலும் சரி. ஆனால் உங்கள் அப்பாவின் பைக் கதை வேறு. அதில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகான பெட்ரோல் காக்குக்கு மேலே டேங்குக்குள் இரண்டு மட்டத்தில் வழி உண்டு. ‘ஆன்’ நிலையில் உயரமான குழாயின் வாய் வழியாகவும், ‘ரிசர்வ்’ நிலையில் அடிமட்டத்து வழியாகவும் பெட்ரோல் இறங்கும். ரிசர்வுக்கே போகாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் துருவும் தண்ணீரும் அந்த அடிமட்டத்திலேயே தங்கிக்கொள்ளும். பிறகு ஒரு மழை இரவில் பெட்ரோல் காக்கைத் திருகும்போது அத்தனையும் கார்புரேட்டருக்குள் இறங்கி வண்டி நின்றுவிடும். அதனால் அந்தப் பைக்கில் மட்டும் நான் சொல்வது நேர்மாறானது: மாதம் ஒரு தடவை, வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும்போது, பெட்ரோல் காக்கை ரிசர்வில் போட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். அவ்வப்போது கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள்.

நம் பகுதியில் நான் உண்மையாகவே கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். குறைந்த டேங்க் பழக்கம் வண்டியைக் கெடுக்கும் வழி பெரும்பாலும் இதுவே. பைக் டேங்கின் மூடியைத் திறந்தால் வாயைச் சுற்றி ஒரு பள்ளமும், அதில் ஊசி போகிற அளவுக்கு ஒரு வடிகால் துளையும் இருக்கும். மழை நீர் அந்தத் துளை வழியாகக் குழாயில் இறங்கித் தரைக்குப் போக வேண்டும். தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் உப்பு மணல் அந்தத் துளையை அடைத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் குளமாகத் தேங்கி, வெயிலில் காய்ந்து கெட்டியான மூடி ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே கசியும். இரவுக் குளிரில் டேங்குக்குள் காற்றின் ஈரம் வியர்த்துத் தண்ணீராகிறது என்பார்கள். அது நடப்பதுதான், ஆனால் அதன் அளவு மிகக் குறைவு. பட்டறைக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் மூடி வழியாக வந்தது.

இப்போது இதைப் பெட்ரோல் மட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். பங்க்கில் இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் அதைக் கரைத்து இன்ஜினுக்கே அனுப்பி எரியவிட்டுவிடும். அது நல்லதுதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நூற்றில் ஒரு பங்கை ஒட்டித் தண்ணீர் வந்துவிட்டாலே கலவை பிரிந்து, தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகச் சேர்ந்து அடியில் தங்கும். 12 லிட்டர் நிறைந்த பைக் டேங்க்கில் 50 மில்லி மழைநீர் இறங்கினால் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. வண்டி சத்தமில்லாமல் ஓடிவிடும். அதே 50 மில்லி, 2 லிட்டர் மட்டுமே இருக்கும் டேங்க்கில் இறங்கினால் இரண்டரை சதவீதம். கலவை பிரிந்து, பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பிரிந்த பிறகு மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், முழுவதையும் வடித்துத்தான் ஆக வேண்டும். காரில் மூடி வழியாகத் தண்ணீர் போவது அபூர்வம். அங்கே வரும் தண்ணீர் பெரும்பாலும் மழை வெள்ளத்தில் பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கியதாக இருக்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவில் கொட்டியது போன்ற மழைக்குப் பிறகு ஓரிரு நாள், தாழ்வான இடத்தில் இருக்கும் பங்க்கைத் தவிர்ப்பது நல்லது. பங்க்குக்காரர்களே அளவுகோலில் தண்ணீரைக் காட்டும் பசையைத் தடவித் தொட்டியைச் சோதிப்பார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், நல்ல பங்க்கில் காட்டுவார்கள்.

இனி உங்கள் நண்பர்களின் 50 கிலோமீட்டருக்கு வருகிறேன். விளக்கு எரியும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல சிறிய கார்களில் 5 லிட்டரை ஒட்டி இருக்கும்; உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி 50 கிலோமீட்டர் என்பது பொய் இல்லை. ஆனால் விளக்கை எரிய வைப்பது டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவை. சாலை சாய்ந்திருந்தாலும், மிதவையின் மின்தொடர்பு தேய்ந்திருந்தாலும் அது முன்பின்னாகக் காட்டும். அத்தோடு ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இ20-இல் லிட்டருக்கு ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறைவு என்று கணக்கு வரும். சாலையில் மைலேஜ் அவ்வளவு குறைகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, வண்டி எந்தக் கலவைக்காக வடிவமைக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. ஆனால் எத்தனால் கலக்காத காலத்தில் ஓட்டிப் பழகியவர் சொல்லும் ரிசர்வ் தூரத்தை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நம் கடற்கரையில் இதையெல்லாம் மிஞ்சுவது காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓட்டும்போது அது முதுகில் தள்ளிவிடும். மைலேஜ் அமோகமாக இருக்கும். “இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்” என்று காரில் தெரியும் எண், கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துப் போடப்படுவது. அதனால் அந்த எண் தாராளமாகக் காட்டும். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், 40 கிலோமீட்டர் காற்று நேரெதிரே வருகிறது என்றால் வண்டியைப் பொறுத்தவரை 100 கிலோமீட்டர் காற்றைக் கிழிக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். காற்றில்லாத நாளைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. எரிபொருள் அதே மடங்கில் செலவாகாது, டயரின் உராய்வு போன்ற மற்றவை அப்படியேதானே இருக்கும். ஆனாலும் ஸ்கூட்டரில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் இது தலைகீழ். ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது செலவு கூடும். போகும்போது எவ்வளவு ஆனதோ வரும்போதும் அவ்வளவுதான் ஆகும் என்ற கணக்கில்தான் பலர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். வள்ளம் இறக்குகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. கையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைவிட, காற்று திரும்பினால் கரை சேர எவ்வளவு வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. இந்தச் சாலையில் ஓட்டுகிறவருக்கும் அதே கணக்குத்தான் சரி.

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேஸ்வரம் இன்னொரு 55. வழியில் பங்க் இல்லாமல் இல்லை. ஆனால் ஊர்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி உண்டு, இரவில் எல்லாப் பங்க்கும் திறந்திருக்காது. அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டிய பிறகு போகிறீர்கள் என்றால், அடுத்த பங்க் மூடியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அதற்கு அடுத்தது வரைக்கும் எட்டுமா என்று பாருங்கள். பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், போக ஒரு தடம், வர ஒரு தடம். அதன் மேல் வண்டி நின்றால் ஒதுக்க இடமில்லை. வேடிக்கை பார்க்க நிறுத்தியவர்களுக்கும் பின்னால் வரும் பேருந்துக்கும் நடுவே காற்றில் நின்று தள்ள வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மண்டபத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்து போகும். ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றால் சிறிய காரே மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடித்துவிடும், நகர்ந்த தூரம் பூஜ்யம். விருந்தாளிகளை தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனால் ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். சாலை முடியும் அரிச்சல்முனை வரை போய்த் திரும்ப 50 கிலோமீட்டரை ஒட்டி வரும், அந்தப் பக்கம் பங்க் கிடையாது. மாலையில் போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிய பிறகு உதவிக்கு வண்டி கிடைப்பதும் கஷ்டம். விளக்கு எரிந்த நிலையில் அந்தச் சாலைக்குள் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன், குறிப்பாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு.

பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலை நம்பி ஓட்டுகிறவர்களும் உண்டு. அனுமதிக்கப்படாத பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோல் கொடுப்பது பெட்ரோலியம் விதிகளுக்கு எதிரானது. பங்க்கில் மறுப்பது அதனால்தான். பாட்டிலில் வருவது எத்தனை நாள் பழையது, என்ன கலந்தது என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பெட்ரோல் பாட்டில் வைத்திருப்பதோ நெருப்பை மடியில் கட்டிக்கொள்வது. புயல் எச்சரிக்கை வந்தால் அதற்கு முந்தைய நாளே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பங்க் இயந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் இருந்தாலும் வரிசை நீளும். வீட்டில் கேனில் சேமிப்பதைவிட வண்டி டேங்க்கில் இருப்பதே பாதுகாப்பு.

பங்க்கில் நடப்பவை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டொன்று சொல்லிவிடுகிறேன். 300-க்குப் பதில் 310 என்று போட்டால் ஏமாற்ற முடியாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இயந்திரம் அளப்பது லிட்டரைத்தான். சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் அது இருக்க வேண்டும், 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் ‘கெட்டியாக’ இருக்கும் என்பதும் பயனில்லாத யோசனை. தொட்டி நிலத்தடியில் இருப்பதால் அதன் வெப்பம் நாளுக்குள் அதிகம் மாறாது. நாசில் தானாக நின்ற பிறகு “இன்னும் கொஞ்சம்” என்று கழுத்து வரை ஊற்றச் சொல்லாதீர்கள். 10 டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும். மிஞ்சுவது ஆவியைப் பிடிக்க வைத்திருக்கும் கரிப்பெட்டிக்குள் போய் அதைக் கெடுக்கும்.

உங்கள் பழக்கத்தை மாற்றச் செலவு கூடுமா என்றால், மாதக் கணக்கில் கூடாது. 300 ரூபாய் என்பது ஏறக்குறைய 3 லிட்டர். கையில் இருக்கும் காசுக்கு ஏற்பப் போடுவதில் தப்பே இல்லை. நம் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் போடுகிறார்கள். ஒரே ஒரு தடவை மட்டும் கூடுதலாக 10 லிட்டர் போட்டுவிட்டு, அதன் பிறகு முள் கால் டேங்குக்கு வரும்போது வழக்கம்போல 300, 500 என்று போடுங்கள். ஓடுகிற தூரம் அதேதான், மாதச் செலவும் அதேதான். டேங்க் மட்டும் அடிமட்டத்தில் இல்லாமல் கால் மட்டத்துக்கு மேலே இருக்கும். நிறைந்த டேங்கின் எடை மைலேஜைக் குறைக்கும் என்பார்கள். 40 லிட்டர் பெட்ரோல் சுமார் 30 கிலோ. பின் சீட்டில் ஒரு பையன் உட்கார்ந்தது போல, அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் வற்றி நின்றுவிட்டால், திக்க ஆரம்பித்த உடனேயே ஓரம் கட்டுங்கள்; ஓட்டம் இருக்கும்போதே ஒதுக்கினால்தான் பாதுகாப்பு. அரை லிட்டர் ஊற்றிக் கிளப்பப் பார்க்காதீர்கள், காருக்குக் குறைந்தது 3 லிட்டராவது வேண்டும். ஊற்றிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து இரண்டு மூன்று நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் பம்ப் குழாயை நிரப்பிவிடும். அதன் பிறகு ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். எப்போதாவது டீசல் வண்டி எடுத்துப் போனால் அதை வற்றவே விடாதீர்கள். அதன் உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசல்தான் மசகு எண்ணெய், உள்ளே காற்று புகுந்தால் கைப்பம்ப்பால் காற்றெடுக்க வேண்டியிருக்கும், சில வண்டிகளில் அதைச் சாலையோரத்தில் செய்யவே முடியாது. பெட்ரோல் ஊற்றி, குழாய் நிரம்பிய பிறகும் உங்கள் கார் கிளம்பவில்லை என்றால் சாவியை ஆன் செய்யும்போது பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஙொய்’ என்ற மெல்லிய சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் வந்தால் பம்ப் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறு இடத்தில். வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் யார் பம்ப்பை மாற்றச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.